முள் வைத்த எழுத்து

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. காட்டுக்கு எதற்கு அலுவலகம் என்று கேட்காதீர்கள். நாலு பிராணி சேர்ந்து வசித்தால், ஐந்தாவது பிராணி சீலும் கையுமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. என்ன செய்ய?

அங்கே ஆபீசர் கரடியார். டைப்பிஸ்ட் தாண்டவராயன் என்ற குரங்கு. மழைக்கு முன்னால் மேட்டு நிலத்தில் வளை வேண்டுமென்றால் அங்கேதான் பட்டா வாங்க வேண்டும். ஆற்றங்கரைப் பள்ளத்தில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்த அஞ்சலை என்ற முள்ளம்பன்றியும் மனு கொடுத்திருந்தாள். போன வருஷ வெள்ளத்துக்கு முன்னால் அவளுக்கு மூன்று குட்டிகள்.

முள்ளம்பன்றிகள் தங்கள் பெயரின் முதல் எழுத்து மேல் சின்னதாக ஒரு முள் போட்டுத்தான் எழுதுவார்கள். குல வழக்கம். விசைப்பலகையில் அந்த முள் கிடையாது. தாண்டவராயன் பட்டாவை அச்சடித்து, முள்ளை மட்டும் பேனாவால் போட்டு உள்ளே அனுப்பினான். கரடியார் திருப்பி அனுப்பினார்.

“கையால போட்டது செல்லாது. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் வரணும்.”

“அப்ப முள்ளு இல்லாமலே குடுங்கய்யா,” என்றாள் அஞ்சலை.

“முள்ளு இல்லேன்னா அது நீ இல்லையேம்மா. வேற யாரோ.”

மூன்று தடவை நடந்தாள். நாலாவது தடவை கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் மரங்கொத்தியைக் கூட்டி வந்தாள்.

“இந்த ஓரத்து விசையை யாரும் தொடுறதே இல்ல,” என்றான் மரங்கொத்தி. “இதைத் தட்டிட்டு எழுத்தைத் தட்டினா முள்ளோட வர்ற மாதிரி பண்ணிடலாம். அஞ்சு நிமிஷ வேலை.”

பண்ணிவிட்டான். திரையில் முள் வைத்த எழுத்து வந்தது. அஞ்சலை அழுதேவிட்டாள்.

“சாப்பாட்டு நேரம். ரெண்டு மணிக்கு வாங்க,” என்றான் தாண்டவராயன்.

அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியாள் ஒருத்தன் ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு நீ எதற்கு என்று நாளைக்கு யாராவது கேட்டால்? மரங்கொத்தி செய்து காட்டிய அதே வழியில் மற்ற எழுத்துகளையெல்லாம் இடம் மாற்றிவிட்டான். விசை மேல் ஓர் எழுத்து இருக்கும், தட்டினால் வேறு எழுத்து வரும். எது எங்கே என்று அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

இரண்டு மணிக்கு மரங்கொத்தி கரடியாருக்குத் தட்டிக் காட்டினான். திரையில் கன்னாபின்னாவென்று ஏதோ வந்தது.

“பார்த்தீங்களா ஐயா, ஆபீஸ் சொத்தைக் கெடுத்துட்டான்,” என்றான் தாண்டவராயன்.

கரடியார் மரங்கொத்தியை விரட்டிவிட்டார். கெட்டதைச் சரிசெய்யும் பொறுப்பு தாண்டவராயனுக்கு. கூடவே தலைமை டைப்பிஸ்ட் பதவி. திறமைக்கு மரியாதை இல்லை என்று யார் சொன்னது? மற்றவர்கள் பட்டா மளமளவென்று வந்தது. வெளியாளைக் கூட்டி வந்தவளுக்கு மட்டும், “ஒவ்வொரு எழுத்தா தேடணும்மா. மழை முடிஞ்சு வா,” என்று பதில் வந்தது.

வானம் கறுத்த அன்று அஞ்சலை மறுபடி வந்தாள். தாண்டவராயன் டீ குடிக்கப் போயிருந்தான். நடந்த களைப்பில் அவன் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தாள். களைப்பில்தான் என்று அவள் சொல்கிறாள். நானும் அப்படியே சொல்கிறேன், எனக்கெதற்கு வம்பு?

தாண்டவராயன் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தான். பின்னால் தைத்த முட்களை இரண்டு கையாலும் பிடுங்கப் போய்க் கையிலும் ஏற்றிக்கொண்டான். பத்து விரலுக்கும் கட்டு.

“எந்த எழுத்து எங்க இருக்குன்னு சொல்லு, நான் அடிக்கிறேன்,” என்றார் கரடியார்.

“விரலுக்குத்தான் தெரியும் ஐயா. வாய்க்குத் தெரியாது.”

அவன் அந்த அலுவலகத்தில் பேசிய ஒரே உண்மை அதுதான்.

வாசலில் வரிசை நீண்டது. அதில் சிங்கராஜாவின் மாமியாரும் நின்றுகொண்டிருந்தார். கரடியாருக்கு வியர்த்துவிட்டது. உடனே உத்தரவு போட்டார், மறு உத்தரவு வரும்வரை எல்லாப் பட்டாவும் கையால் எழுதினாலே செல்லும் என்று.

பேனாவைத் தேடினால் காணோம். அஞ்சலை தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நீட்டினாள். கரடியார் அதை மையில் தொட்டு, அவள் பெயரை முள்ளோடு எழுதிக் கொடுத்தார். அரை நிமிஷம் ஆனது. அவள் குட்டிகளை மேட்டு வளைக்குள் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நீதி: கம்ப்யூட்டரைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள். அதற்கு முன்னால் போட்டிருக்கும் நாற்காலியைச் சரிசெய்தால் போதும்.