வாட்டர் ஸ்கூட்டருக்கு அடியில் அடித்த பெயிண்ட்

இந்தக் கதையின் முக்கியமான கட்டம் நடந்தபோது நான் அங்கே இல்லை. எங்கள் ரிசார்ட்டில் படகு விடுகிற வீரணன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதற்கு முந்தின பகுதி முழுக்க என் கைவரிசை. அதில் கழிக்க ஒன்றுமில்லை.

வேலை இதுதான். வாட்டர் ஸ்கூட்டருக்கு அடியில் அடிக்க நல்ல பெயிண்டாகப் பார்க்க வேண்டும்.

அழகர்கோவில் போகிற வழியில் ஒரு சின்ன ரிசார்ட், படகு விட உள்ளேயே ஒரு குளம். அங்கே நான் உதவி மேனேஜர். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். விளாங்குடியில் எங்கள் தெரு முழுக்க "மகன் மேனேஜரு" என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. "ஸ்கூட்டரு நல்லபடியா ஓடட்டும். மறுநாளே ஆர்டர் தாரேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஸ்கூட்டர் ராமேஸ்வரம் கடலில் ஓடிய பழைய வண்டி. பைக்கில் உட்காருவது போல உட்கார்ந்து தண்ணீரில் போகலாம். மேலே பளபளப்பு. கவிழ்த்துப் பார்த்தால் பெயிண்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி கிடந்தது.

"வெள்ளிக்கிழமை பூஜை தம்பி. அடிக்கிற பெயிண்ட்டு என் காலத்துக்கும் போகக் கூடாது" என்றார் முதலாளி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயிண்டை நினைத்துத் தூங்காத முதல் பட்டதாரி நானாகத்தான் இருப்பேன்.

காலையில் கீழவெளி வீதியில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"எதுக்குத் தம்பி பெயிண்ட்டு?"

"தண்ணியில ஓடுற ஸ்கூட்டருக்குண்ணே. அடியில அடிக்க."

கடைக்காரர் கணக்குப் போடுவதை நிறுத்தினார். "மதுரையிலயா?"

"ஆமாண்ணே."

"தண்ணிக்கு என்ன பண்ணுவீக?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் மொட்டை மாடிக்கு அடிக்கிற பெயிண்டை எடுத்து வைத்தார். "எம்புட்டு மழை பேஞ்சாலும் அசையாது."

"மழை மேல இருந்து வரும்ணே. இதுக்குத் தண்ணி கீழ இருந்துல்ல வருது."

"அப்ப தலைகீழா அடிங்க."

ஒரு நொடி அதை நான் உண்மையாகவே யோசித்தேன்.

ராமேஸ்வரத்தில் வண்டியை விற்றவருக்கு போன் போட்டேன். கடல் படகுக்கு அடிக்கிற பெயிண்ட் இருக்கிறதாம், சிப்பி ஒட்டாதாம். "அது எப்படிண்ணே ஒட்டாது?" என்றேன். "அதுல விஷம் இருக்குல்ல" என்றார். எங்கள் குளத்தில் சிப்பி கிடையாது, கெளுத்தி மீன்தான் உண்டு. ஸ்கூட்டர் ஓடி மீன் மிதந்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கடைசியில் வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கருப்பாயூரணிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறைக்குப் போனேன். லாரிக்கு அடியில் துருப்பிடிக்காமல் அடிக்கிற கறுப்புப் பூச்சு அங்கே உண்டு. பட்டறைக்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து, பூச்சு அடித்த ஒரு தகட்டைக் காட்டினார்.

"கீறுங்க. போகாது."

கீறினேன். என் வேலையை மனதில் வைத்துக் கீறினேன். ஸ்க்ரூ டிரைவர் முனைதான் மழுங்கியது.

"இதையே அடிங்கண்ணே."

வண்டியைக் கவிழ்த்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் எதையும் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை. அதுதான் பிரச்சனை. அடியில் நீளமாக ஒரு ஓட்டை, குறுக்கே கம்பி.

"அண்ணே, இது என்ன?"

"காத்து வாங்குற ஓட்டையா இருக்கும்."

"தண்ணியில இறக்குனா உள்ள தண்ணி ஏறிறாதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அடியில் ஓட்டையோடு ஒரு படகை எவன் விற்றான் என்று இரண்டு பேருக்கும் ஒரே கோபம்.

"மூடிருவோமா?" என்றார்.

"ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுண்ணே."

தகடு வெட்டி வைத்து, பட்டி பார்த்து, மேலே மூன்று கோட்டிங் அடித்தார். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பூஜை. பூசணிக்காயை மறந்துவிட்டார்கள் என்று என்னைப் பக்கத்தில் அப்பன்திருப்பதி கடைத்தெருவுக்கு விரட்டினார்கள். இனி வீரணன் அண்ணன் சொன்னது.

புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். இதற்குச் சக்கரம் இல்லை. ஐயர் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, இரண்டு பழத்தையும் முன்னால் தண்ணீரில் விடச் சொன்னார். முதலாளி பட்டு வேட்டிமேல் லைஃப் ஜாக்கெட் போட்டு ஏறி உட்கார்ந்து முறுக்கினார்.

"சத்தம்னா அம்புட்டுச் சத்தம் மாப்ள. அழகர்மலைக் குரங்கெல்லாம் எட்டிப் பாத்துச்சு. வண்டி மட்டும் நகரல."

காற்று அடித்தது. எலுமிச்சம்பழங்கள் நகர்ந்தன. முதலாளி மறுபடியும் முறுக்கினார். வண்டி பீப் பீப் என்று கத்தியது. பழங்கள் இரண்டும் நிதானமாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. கயிறு கட்டி முதலாளியைக் கரைக்கு இழுத்தார்கள்.

நான் பூசணிக்காயோடு வந்து இறங்கியபோது உடைக்கிற மனநிலையில் யாரும் இல்லை. என் தலையைத் தவிர.

அந்த வண்டி அடியில் இருக்கிற ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சித்தான் ஓடுமாம். ராமேஸ்வரத்துக்காரர் போனில் விளக்கும்போது பாதியில் சிரிக்க ஆரம்பித்து, முடிக்கவே இல்லை.

பூச்சை எடுக்கப் பார்த்தோம். தின்னர், உளி, கேஸ் அடுப்பு, எதற்கும் அசையவில்லை. பட்டறைக்காரரை வரவழைத்தோம். தட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் போகாதுன்னு சொன்னேன்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை, ராஜினாமாவை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கே.கே. நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா கரையில் கட்டிக் கிடந்த ஸ்கூட்டரைக் காட்டி, "தம்பி, இது ஓடுமா?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "ஓடாதுங்கக்கா."

"நல்லதாப் போச்சு. அப்ப நான் ஏறி ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

அவரைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் வரிசை. முதலாளி தூரத்தில் நின்று அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை என் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம்தான் எனக்கு ஒரு சந்தேகம். வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். அதை ஓட்ட இடுப்பளவு தண்ணீராவது வேண்டும் என்று போட்டிருந்தது. மறுநாள் காலையில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குளத்தின் நடு வரைக்கும் நடந்தேன். சுருட்டிய பேன்ட் நனையவே இல்லை.

முதலாளியிடம் போய், "ஐயா, பெயிண்ட்டு அடிக்காட்டியும் அது ஓடியிருக்காதுங்கய்யா, குளம் ஆழம் பத்தாது" என்றேன்.

"குளத்த வெட்டுனது யாரு?"

"நீங்கதாங்கய்யா."

"அப்ப பெயிண்ட்டுனாலதான் ஓடலைன்னே இருக்கட்டும்."