பால் கவர் மூட்டையும் ஒரு மாவட்டப் பதவியும்

சனிக்கிழமை காலை காபியைக் குடித்து முடித்த கையோடு தேவானந்தம் தன் வீட்டில் பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்.

இது அவர் சொந்தப் புத்தி இல்லை. முந்தின நாள்தான் அவர் கட்சி தீர்மானம் போட்டிருந்தது. ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறியும் கப், கவர், தட்டு அத்தனையையும் அரசாங்கம் தடை செய்ய வேண்டும். ஞாயிறு சாயங்காலம் சத்துவாச்சாரியில் பொதுக்கூட்டம். ஒவ்வொரு வட்டச் செயலாளரும் தன் ஏரியாவில் சேர்த்த பிளாஸ்டிக்கை மூட்டையாக மேடைக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல மூட்டையாகக் கொண்டு வருகிறவருக்கு மாவட்டத்தில் ஒரு பொறுப்பு என்று மாவட்டச் செயலாளர் கார்முகிலன் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்.

தேவானந்தம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருஷமாக வட்டச் செயலாளர். கட்சி போஸ்டரில் அவர் பெயர் அச்சகத்தின் பெயருக்கு ஒரு நூல் மேலே வரும். போட்டோ வந்ததே கிடையாது. மாவட்டப் பொறுப்புக்கு வந்துவிட்டால் போட்டோ போடுவார்கள். தோளில் துண்டு போட்டு ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று மூன்று வருஷமாக பீரோ லாக்கரில் காத்துக்கொண்டிருந்தது.

"இன்னிலேர்ந்து இந்த வீட்ல பிளாஸ்டிக் கிடையாது" என்றார் மனைவியிடம்.

"அப்ப குடத்த எங்க வெக்கட்டும்?" என்றாள் பெர்சிஸ்.

"குடம் இருக்கலாம். தூக்கிப் போடறதுதான் கூடாது."

"நான்தான் எதையும் தூக்கிப் போடறதில்லயே."

அது உண்மை. பால் கவரைக் கத்தரித்து, கழுவி, கொடியில் அவர் சட்டைக்குப் பக்கத்திலேயே கிளிப் மாட்டிக் காயவைப்பாள். ரெண்டு வருஷத்துப் பால் கவர் ஒரு கம்பெனி சாக்கு நிறைய கட்டிலுக்குக் கீழே இருந்தது. பழைய பிளாஸ்டிக்குக்கு எவர்சில்வர் கொடுக்கிற பாத்திரக்காரர் வஹாப் பாயிடம் மூடி போட்ட அரிசி டிரம் ஒன்றைச் சொல்லியும் வைத்திருந்தாள்.

"அந்த மூட்டைய கட்சிக்குக் குடு" என்றார் தேவானந்தம்.

"கட்சி டிரம் குடுக்குமா?"

"நாட்டுக்குக் குடுக்கறோம் பெர்சிஸ்."

"ரெண்டு வருஷமா கழுவினது நானு. நாடு ஒரு நாளாவது வந்து கிளிப் மாட்டிச்சா?"

தேவானந்தம் பேச்சாளர். ஆனால் வீட்டில் மைக் கிடையாது.

"பிளாஸ்டிக்குதானே வேணும்?" என்று அவளே தொடர்ந்தாள். "லாஃப்ட்ல மூணு எலெக்‌ஷன் தோரணம் மூட்டையா கெடக்குது. அத எடுத்துக்கினு போங்க."

"அது கட்சிக் கொடி. அதப் போயி பிளாஸ்டிக்ங்கறியே."

"பின்ன பட்டுத் துணியா? வஹாப் பாயி அதக்கூட எடுத்துக்கறாராம். ஒண்ணு ரெண்டு மூட்டைன்னா வேணாமாம். மாசா மாசம் வர்றதா இருந்தா இட்லிக் குண்டானே தர்றாராம்."

"கட்சிக் கொடிய குடுத்து குண்டானா? வெளிய சொல்லிடாத. என் மானம் போய்டும்."

மானத்தோடு தெருவில் இறங்கினார். பக்கத்து வீட்டு பில்கிஸ், "அய்யோ அண்ணா, நேத்துதான் எல்லாத்தையும் வஹாப் பாய்க்குப் போட்டேன்" என்று புது டபரா செட்டைக் காட்டினாள். அடுத்த வீட்டில் தோசைக் கரண்டி காட்டினார்கள். அதற்கடுத்த வீட்டில் முறம் அளவுக்கு ஒரு தாம்பாளம். சாக்கடையில் கவர் நிறையவே கிடந்தது. ஆனால் கொள்கைக்காக அவ்வளவு தூரம் குனிய அவருக்கு மனசு வரவில்லை. தெருவை ஒரு சுற்று சுற்றி, ரெண்டு ஷாம்பு பாக்கெட்டோடு திரும்பினார். காட்பாடி வட்டம் மூட்டையை ஆட்டோ வைத்துக் கொண்டு வருகிறது என்று வழியில் கேள்விப்பட்டார்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு பெர்சிஸ் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கிளம்பினாள்.

"அஞ்சு மணி ஆவும். கட்டிலுக்குக் கீழ கைய வெக்காதீங்க."

"என்னை இன்னான்னு நெனச்ச நீ?"

"இருவது வருஷமா நெனச்சதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், மாவட்டப் பதவி கட்டிலுக்குக் கீழே தவழ்ந்தது. மூட்டை நேற்றைவிட ஒரு சுற்று பெருத்திருந்தது போலத் தோன்றியது. வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பெண்டாட்டியின் கைநேர்த்தியை மனசாரப் பாராட்டிவிட்டு மூட்டையோடு பஸ் ஏறினார்.

கூட்டத்தில் நல்ல ஜனம். காட்பாடிக்காரர் கொட்டிய குவியலில் டீ கப்பும் சால்னா பாக்கெட்டும்தான் ஜாஸ்தி. முன்வரிசையில் நாலு பேர் சால்னா வாடை தாங்காமல் பின்னால் போய்விட்டார்கள். அடுத்து தேவானந்தம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மைக் அவர் உயரத்துக்கு இறக்கப்பட்டது.

"தோழர்களே, இந்த மூட்டைக்குள் இருப்பது நம் ஊரின் அவமானம்" என்று எடுத்ததுமே உச்சத்துக்குப் போனார். "இதை வாங்கி, ஒரே நாள் உபயோகித்து, வீதியில் விட்டுப் போனவர்களுக்கு வெட்கமில்லையா? அவர்கள் யார் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்."

கயிற்றை அறுத்தார். மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

ஊதாவும் வெள்ளையுமாகக் கட்சித் தோரணம் கொட்டியது. மீட்டர் மீட்டராகக் கொட்டியது. அதன் மேல் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கொடிகள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் கார்முகிலன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடைக்கு மேலேயும் அதே ஊதா வெள்ளை காற்றில் படபடத்தது.

கூட்டம் பார்த்துவிட்டது. சொல்லத் தேவை இருக்கவில்லை. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். தேவானந்தத்துக்கு அப்படியே சாக்குக்குள் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

ஆனால் கார்முகிலன் முப்பது வருஷம் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். நிதானமாக எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"முதலில் நம் குப்பையை நாம் பொறுக்குவோம் என்று செய்து காட்டியிருக்கிறார் சகோதரர். இனி ஜோலார்பேட்டையிலிருந்து வேலூர் வரைக்கும் கழகக் கூட்டம் எங்கே நடந்தாலும், முடிந்ததும் தோரணத்தை அவிழ்த்து எடுத்துப் போகும் மாவட்டப் பொறுப்பு அவருக்கே."

கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. கார்முகிலன் மைக்கைப் பொத்திக்கொண்டு அவர் காதோரம் குனிந்தார். போட்டோவைப் பற்றித்தான் என்று தேவானந்தம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வீட்ல ஏணி இருக்குதா?"

அன்றைக்கே பதவியேற்றார். மேடைத் தோரணத்தையும் அவிழ்த்துச் சேர்த்துக்கொண்டு ரெண்டு மூட்டையோடு வீட்டுக்கு வந்தார். ஹாலில் மூடி போட்ட அரிசி டிரம் பளபளத்தது.

"மூட்டைய மாத்திட்ட இல்ல?"

"நான் எங்க மாத்தினேன்? லாஃப்ட்ட தொடைக்கறதுக்கு உங்க மூட்டைய எறக்கி கட்டிலுக்குக் கீழ வெச்சேன். கைய வெக்காதீங்கன்னு சொன்னேனா இல்லயா?"

மேற்கொண்டு கேட்டால் திருடினதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். தேவானந்தம் உட்கார்ந்துவிட்டார்.

"பதவி இன்னா ஆச்சு?"

சொன்னார். ஏணி உட்பட. அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அக்கறையாகவே கேட்டாள்.

"மாசத்துக்கு எத்தினி கூட்டம் வரும்?"

"எட்டு, பத்து."

பெர்சிஸ் ரெண்டு மூட்டையையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். பிறகு ஜன்னலண்டை போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பில்கிஸ், வஹாப் பாயி வந்தா சொல்லு, அந்த இட்லிக் குண்டான வேற யாருக்கும் குடுத்துட வேணாம்னு."