ஸ்வேல்டேலில் மூன்று நாள் மேய்ச்சல்

அறுபத்தோரு வயதில் ஓர் ஆண்பிள்ளைக்கு வேண்டியது ஒரு கதவு. உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு.

என் வீட்டில் பதினொரு கதவுகள் உண்டு. ஒன்றிலும் எனக்குத் தாழ்ப்பாள் போட உரிமை கிடையாது. குளியலறைக் கதவில் போட்டால்கூட நாலாவது நிமிஷம் "உள்ள என்ன பண்ற, நெவில்?" என்று வெளியிலிருந்து விசாரணை வந்துவிடும். உள்ளே என்ன பண்ணுவார்கள்?

ரயில்வேயில் விசாரணைக் கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். யார்க்‌ஷயர் முழுக்க என்னைக் கேட்டுத்தான் ரயில் ஏறியது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து என்னை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமலேயே எல்லாம் முடிவாகிவிடும். என் மனைவி மேரியன் அப்படி. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவள். பல்வலியில் துடித்துக்கொண்டு வருகிறவனை ஒரே பார்வையில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பாள். என்னை முப்பத்திநாலு வருஷமாக உட்காரவைத்திருக்கிறாள்.

இந்த நிலையில்தான் ஒரு பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

மேய்ப்பன் குடில்! மரத்தால் ஒரு குட்டி வீடு. வளைந்த தகரக் கூரை. கீழே நாலு இரும்புச் சக்கரம். உச்சியில் ஒரு புகைபோக்கி. அந்தக் காலத்தில் ஆடு குட்டி போடும் பருவத்தில் மேய்ப்பன் இதை மலைக்கு இழுத்துக்கொண்டு போய் வாரக்கணக்கில் தனியாகக் கிடப்பானாம். தனியாக! வாரக்கணக்கில்! எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நாமும் ஆடு மேய்க்கப் போயிருக்கலாம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரமாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு குடில். குடிலுக்குள் ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, கிரிக்கெட் வர்ணனை, டாக்டரும் மேரியனும் சேர்ந்து தடைசெய்த, மாவுக்குள் கறியை அடைத்துச் சுட்ட பன்றிக்கறிப் 'பை' பலகாரம் ஒன்று. இதைவிட ஒரு சொர்க்கம் இருந்தால் அதற்கு ரயில் கிடையாது.

ஆனால் நேரே போய்க் கேட்க முடியுமா? படகு கேட்டேன், கிடைக்கவில்லை. புறாக்கூண்டு கேட்டேன், கிடைக்கவில்லை. நான் கேட்டால் அது "வேண்டாம்". அவளே கேட்டால் அது "அடுத்த வாரம் வருகிறது". ஆகவே அவளையே கேட்க வைக்க வேண்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும்.

காலைச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"மேரியன், வர்ற வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் ஸ்வேல்டேல் மலைப்பக்கம் போயிட்டு வருவோமா?"

"யாரு செத்துப் போனா?"

"யாரும் சாகல. சும்மா, சந்தோஷமா இருக்கத்தான்."

"சந்தோஷமாவா? உடம்பு நல்லாத்தானே இருக்கு உனக்கு?"

படத்தை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஆடு தங்குற இடமா இது?"

"ஆடு இல்ல கண்ணு. ஆடு மேய்க்கிறவன் தங்கின இடம். இப்ப வாடகைக்கு விடறாங்க."

"குளியலறை எங்க?"

"வெளியில மரத்தொட்டி. அடியில விறகு வெச்சு சூடு பண்ணணும். நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே குளிக்கலாம்!"

"நட்சத்திரம் என்னையும் பாக்குமே. கக்கூஸ்?"

"அதுவும் வெளியிலதான். கொஞ்ச தூரம்."

"எவ்ளோ கொஞ்சம்?"

"ஒரு வயல்."

கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவள், "சரி, போவோம். ஆனா ஒண்ணு. அங்க நான் ஒரு துரும்பைக்கூட அசைக்க மாட்டேன்" என்றாள்.

"நீ எதுக்கு அசைக்கணும்? நான் இல்ல?"

இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்தது அதுவே முதல் தடவை. யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிறவனாக இருந்தால் நான் ஏன் விசாரணைக் கவுண்டரில் இருக்கப் போகிறேன்?

வெள்ளிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தோம். பண்ணைக்காரி ஆல்டர்சன் அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பின்னால் ஒரு நாய். எங்களைப் பார்த்ததும், "வாங்க கண்ணுங்களா" என்றாள். எங்கள் ஊர்ப்பக்கம் பாதிரியாரிலிருந்து பஸ் டிரைவர்வரை எல்லாருமே கண்ணுதான். மேரியனும் அவளும் ரெண்டே நிமிஷத்தில் பழகிவிட்டார்கள். விரிப்பு யார் துவைக்கிறது, மழை பெய்தால் கூரை சத்தம் போடுமா, விருந்தாளிகள் பெரும்பாலும் எந்த ஊர் என்று இவள் கேட்டுக்கொண்டே போக, அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

நான் குடிலைப் பார்த்து நின்றேன். பச்சை வர்ணம். மூன்று படி. மேலே பாதி கீழே பாதியாகப் பிரிகிற கதவு. உள்ளே தாழ்ப்பாள்! பித்தளைத் தாழ்ப்பாள்! யாரும் பார்க்காதபோது ரெண்டு தடவை போட்டு எடுத்தேன்.

"கணப்பு மூட்டத் தெரியுமா கண்ணு?" என்று ஆல்டர்சன் அம்மாள் கேட்டாள்.

"தெரியாம என்னம்மா?"

"ஆம்பளைங்க எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. முதல்ல புகை மூட்டுவாங்க. தீ மறுநாள் வரும்."

நான் அப்படி இல்லை. எனக்குத் தீ அன்று மாலையே வந்தது. அதற்கு முன் நாற்பது நிமிஷம் புகை வந்தது. கண்ணில் நீர், மூக்கில் கரி. எதிர்மலையிலிருந்து யாரோ "எல்லாம் நல்லாயிருக்கா?" என்று கத்தினார்கள். வாலிப வயதில் விரகதாபம் என்றால் என்னவென்று தெரியும். விறகுதாபம் அன்றைக்குத்தான் தெரிந்தது. மேரியன் வெளியே நாற்காலியில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு மேரியன்?"

"நல்லாத்தான் இருக்கு. ஒரு டீ இருந்தா இன்னும் நல்லாயிருக்கும்."

பிடித்துக்கொண்டேன்! அவள் ஆனந்தத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு டீ. ஓடினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து கணப்பில் விறகு போட்டேன். பேக்கன் பொரித்தேன், சாஸேஜ் புரட்டினேன், ரொட்டி வாட்டினேன். அத்தனையையும் தட்டில் வைத்து மேரியனின் கட்டிலுக்கே கொண்டு போனேன். சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"ம். பக்கத்துல ஒரு காட்டுப்பூ கிண்ணத்துல வெச்சிருந்தா ஹோட்டல் மாதிரி இருந்திருக்கும்."

வெளியே இறங்கினேன். படியின் கீழே ஒரு கிடா வழியை மறித்து நின்றது. கறுத்த மூஞ்சி, சுருண்ட கொம்பு. என்னை அது பார்த்த பார்வையில் அப்படியே என் மாமனார். அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பூப் பறித்துவந்தேன். கால் முழுக்கச் சேறு.

பத்து மணிக்கு மழை பிடித்தது. ஸ்வேல்டேல் மழை மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும். அந்த நேரம் பார்த்து மேரியனுக்கு வயலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அவள் உள்ளே போனாள். நான் வெளியே குடையோடு நின்றேன். என்னைச் சுற்றி இருபது ஆடுகள் வட்டமாக வந்து நின்றன. அவற்றுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றிரண்டு அனுதாபமாகக்கூடப் பார்த்தன.

"நெவில், இருக்கியா?"

"இருக்கேன்."

"இங்க ஒரு விளக்கு இருந்தா நல்லாயிருக்கும், இல்ல?"

"நம்மளுது இல்லையே, கண்ணு."

"சும்மா சொன்னேன்."

பிற்பகல் மழை விட்டதும் மரத்தொட்டி. கேளுங்கள் இதை. ஒரு தொட்டித் தண்ணீர் சூடாக நாலு மணி நேரம் ஆகிறது. நாலு மணி நேரமும் ஒருவன் குனிந்தபடி விறகைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளினேன். இடுப்பில் ஏதோ சொடக்கென்றது. அதைக் கவனிக்க நேரமில்லை. ஆல்டர்சன் அம்மாள் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். மேரியனிடம் ஏதோ சொன்னாள். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். என் உழைப்பை மெச்சுகிறார்கள் என்று நான் இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

மேரியன் கழுத்துவரை வெந்நீரில் இறங்கி, கண்ணை மூடி, "ஹா..." என்றாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்தச் சத்தம் அவளிடமிருந்து வந்ததில்லை.

ஞாயிறு காலை. வெயில். மலை முழுக்கப் பச்சை. படியில் உட்கார்ந்து டீயை உறிஞ்சியபடி மேரியன் அந்தப் பொன்னான வாக்கியத்தைச் சொன்னாள்.

"நம்ம ஆத்தோரத்து நிலத்துல இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும், நெவில்?"

என் நெஞ்சு எகிறிக் குதித்தது! ஆனால் முகத்தில் காட்டலாமா? காட்டினால் கதை கெட்டது. முகத்தைச் சுளித்தேன்.

"எதுக்கும்மா நமக்கு அதெல்லாம்?"

"சும்மாதானே கெடக்கு அந்த இடம்?"

"புல்லு இருக்கு."

"புல்லை வெச்சு என்ன பண்ணப் போற? நீ மேயவா போற?"

"பராமரிப்பு இருக்கும் மேரியன். விறகு வெட்டணும், சுத்தம் பண்ணணும். யாரு பாக்கிறது?"

"நீ பாப்பியா, மாட்டியா?"

"உனக்காகன்னா..." என்று பெருமூச்சு விட்டேன். ரொம்ப நேர்த்தியான பெருமூச்சு. "உனக்காகன்னா பாக்கறேன்."

"வாக்கு மாற மாட்டியே?"

"நெவில் என்னிக்குக் கண்ணு வாக்கு மாறினான்?"

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்கூட இவ்வளவு நன்றாக நடித்திருக்காது. வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் காருக்குள் விசிலடித்துக்கொண்டே வந்தேன். முப்பத்திநாலு வருஷத்தில் முதல் வெற்றி! மேரியனும் கூடவே முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதே நாளில் லாரியில் குடில் வந்து இறங்கியது! நீலநிறம். அதே வளைந்த கூரை, அதே சக்கரம், அதே தாழ்ப்பாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேரியன் உள்ளே பூப்போட்ட திரை மாட்டினாள், இரட்டைக் கட்டிலில் புது விரிப்பு விரித்தாள், நாலு துண்டை மடித்து அடுக்கினாள். எனக்காக இவ்வளவு செய்கிறாளே என்று மனம் இளகியது. வெளியே ஒரு மரத்தொட்டியும் வந்து உட்கார்ந்தது. அது கொஞ்சம் அதிகம்தான் என்று பட்டது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். ஹெடிங்லியில் டெஸ்ட் மேட்ச். ஒரு கக்கத்தில் ரேடியோ, மறு கக்கத்தில் பன்றிக்கறிப் பை, ராஜநடையாகக் குடிலை நோக்கி நடந்தேன். முதல் படியில் கால் வைத்திருப்பேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வாலிபன் ஒருவனும் பெண் ஒருத்தியும் பெட்டியோடு இறங்கினார்கள்.

மேரியன் வீட்டுக்குள்ளிருந்து முத்துமாலை போட்டுக்கொண்டு வந்தாள்.

"வாங்க கண்ணுங்களா, வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

அவளை ஓரமாக இழுத்தேன்.

"யாரு இவங்க?"

"விருந்தாளிங்க. லீட்ஸ்லேருந்து. ஞாயித்துக்கெழமை வரைக்கும் இருப்பாங்க."

"எங்க படுப்பாங்க?"

"குடில்லதான். பின்ன என்ன, புல்லுலயா?"

"அப்போ... அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் ஹல்லுலேருந்து ஒரு ஜோடி. செப்டம்பர் வரைக்கும் ஆள் நெறைஞ்சாச்சு."

"செப்டம்பர் வரைக்குமா! இப்பத்தானே குடிலே வந்துச்சு?"

"பிப்ரவரியிலயே சொல்லி வெச்சுட்டேன், நெவில். நாலு மாசம் ஆகும்னாங்க. அதுக்குள்ள உன்னைத் தேத்தணுமேன்னுதான் எனக்குக் கவலை. சொன்னா நீ இடுப்பு வலிம்பே. என்னடா பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தப்போ நீயே ஒரு படத்தைக் கொண்டாந்து என் தட்டுக்குப் பக்கத்துல வெச்ச."

ரேடியோவைப் படியில் இறக்கி வைத்தேன்.

"ஆல்டர்சன் அம்மா ரெண்டாம் நாளே சொல்லிட்டாங்க, ஆள் தேறிடுவான்னு. புகைதான் கொஞ்சம் ஜாஸ்தியாம்" என்றவள், என் கக்கத்திலிருந்து பன்றிக்கறிப் பையை எடுத்துக்கொண்டாள். "இதை அவங்களுக்கு வைக்கிறேன், பசியோட வந்திருப்பாங்க. ஏழு மணிக்குத் தொட்டியில வெந்நீர் வேணுமாம். இப்ப மூணு மணி. நாலு மணி நேரம், ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. இடுப்புக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

மூன்று நாளும் மூட்டினேன், பொரித்தேன், முட்டை அவித்தேன், பூப் பறித்தேன். இங்கிலாந்து அணி என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. ஞாயிறு மதியம் அவர்கள் கிளம்பிப் போனதும் மேரியன் விருந்தாளிகள் புத்தகத்தை எடுத்துவந்து உரக்கப் படித்தாள்.

"'குடில் கனவு மாதிரி இருந்தது. வீட்டுக்கார அம்மா தங்கம். வேலை பார்க்கும் பெரியவர் பம்பரம்...'"

நான் காலி விறகுக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் ஏதோ எழுதியிருந்தது போலிருக்கிறது. மேரியன் மௌனமாகப் படித்தாள். புத்தகத்தை மூடினாள். என் தோளில் மெல்லக் கை வைத்தாள். முப்பத்திநாலு வருஷத்தில் அவள் அவ்வளவு மிருதுவாக என்னைத் தொட்டதில்லை. நாம் பட்ட பாட்டுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒரு நிமிஷம், நெவில்."

"சொல்லு கண்ணு" என்றேன்.

"முட்டைக்கு. இன்னும் ஒரு நிமிஷம் வேகணுமாம்."