ஒரு நாளைக்கு ஒரு பருவம்

எங்கள் ஊரில் ஒரே பருவம்தான். அதன் பெயர் வெயில். நடுவில் மழை பெய்தால் அதன் பெயர் ஈர வெயில். இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, அப்பா நினைக்கும் வரை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருடைய கம்பெனிக்கு நான்கு பருவமும் உள்ள ஒரு தேசத்தில் கிளை உண்டு. குடும்பத்தோடு அங்கே போக விருப்பமா, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று மேனேஜர் கேட்டிருந்தார். கேட்ட நிமிடமே அப்பா மனசுக்குள் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டுவிட்டார். அம்மா முடியாது என்றுவிட்டாள். தெருமுனையில் இப்போதுதான் சொந்தமாகத் தையல் கடை போட்டிருக்கிறாள். மூன்று மெஷின், துணி வெட்ட ஒரு மேஜை, பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர். அதை விட்டுவிட்டு அவள் எங்கே வருவாள்?

"இங்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. தொண்டையைச் செருமி, மூக்கால் கொஞ்சம் பேசி, மேடையில் நிற்பது போல வரும் குரல் அது. "ஒரே மாடியில நின்னுபோன லிஃப்ட் மாதிரி ஒரு ஊர். எந்த பட்டனை அமுக்கினாலும் வெயில்லதான் கதவு திறக்குது. அங்க நாலு மாடி! வசந்தம், கோடை, இலையுதிர், குளிர். ஒரு தடவை அனுபவிச்சுப் பார்த்தேன்னா இந்தக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்ட."

"எங்கங்க போய் அனுபவிக்கிறது?"

"இங்கேயே. நம்ம வீட்டுல. நான் நாலு நாள் லீவு போடறேன். ஒரு நாளைக்கு ஒரு பருவம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீயே பெட்டி கட்டுவ பாரு."

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுழைந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"சரிங்க. ஆனா அங்க எப்படியோ அப்படியே செய்யணும். அரைகுறையா செஞ்சா எனக்கு எப்படிப் புரியும்?"

"அப்படியே செய்வோம்! எது எப்போ வருதுன்னு இவ அறிவிப்பா. இவ சொல்றதுதான் முடிவு."

'இவ' என்றால் நான். ரேடியோவில் வானிலை வாசிக்கும் பெண்ணின் குரல் எனக்கு அச்சாக வரும். பதவியை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை. "நேயர்களுக்கு வணக்கம். நமது வீட்டில் வசந்தகாலம் தொடங்கிவிட்டது."

அப்பா ஜன்னல் ஜன்னலாகக் காகிதப் பூ கட்டியிருந்தார். அம்மா பார்த்து ரசித்தாள். "அழகா இருக்குங்க. அங்க வசந்தம் வந்தா வேற என்ன செய்வாங்க?"

அப்பா எல்லாவற்றையும் போனில் படித்து வைத்திருந்தார். படித்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "குளிர் முழுக்க மூடிக்கிடந்த வீட்டை மொத்தமா சுத்தம் பண்ணுவாங்க. திரைச்சீலை, மெத்தை, பரண், ஒண்ணு விடமாட்டாங்க."

"அடேயப்பா. யாரு பண்ணுவாங்க?"

"வீட்டுல இருக்கறவங்கதான்."

"எனக்குக் கடை. இவளுக்குப் பள்ளிக்கூடம்," என்று அம்மா செருப்பை மாட்டினாள். "வீட்டுல நீங்கதான் இருக்கீங்க."

மாலையில் பரணிலிருந்து ஒரு வெள்ளை உருவம் இறங்கியது. தும்மலை வைத்துத்தான் அப்பா என்று அடையாளம் கண்டோம்.

வெள்ளிக்கிழமை கோடை. அப்பா தெம்பாக இருந்தார். நமக்குத் தெரிந்த பருவம்தானே.

"அங்க கோடை வந்தா எல்லாரும் லீவு எடுத்துப்பாங்கன்னு சொன்னீங்களே," என்றாள் அம்மா.

"ஆமா. கடைக்கு லீவு விட்டுடு."

"சீருடை ஆர்டர் இருக்குங்க. அதான் அடுப்புக்கு விட்டுட்டேன்."

அன்று மூன்று வேளையும் அப்பா சமைத்தார். மூன்று வேளையும் நாங்கள் மௌனமாகச் சாப்பிட்டோம். துக்க வீட்டில்கூட யாராவது ஏதாவது பேசுவார்கள்.

சனிக்கிழமை இலையுதிர்காலம். எங்கள் வீட்டில் மரம் இல்லை என்று அப்பா நிம்மதியாக இருந்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வீட்டில் இருந்தது. எந்தப் பருவத்துக்கும் காத்திராமல் வருஷம் முழுக்க எங்கள் வாசலில் இலை கொட்டும் மரம். அப்பா துடைப்பத்தோடு குனிந்தார்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வது போலவே எதையும் இழுத்துப் பேசுவார். "என்ன சாஆர், புது வேலையாஆ?"

"பருவம் டாக்டர். இலையுதிர்காலம்."

"அப்படியாஆ? எங்க பின்பக்கமும் அதே பருவம்தான் சார். கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அப்பாவால் யாருக்கும் முடியாது என்று சொல்ல வராது. பின்பக்கமும் போனார்.

ஞாயிற்றுக்கிழமை குளிர்காலம். அப்பாவின் கடைசி நம்பிக்கை. படுக்கையறை ஏசியைப் பதினாறில் வைத்தார். இரண்டு போர்வை. சூடாக ஒரு கோப்பை பால். அம்மா கண்ணை மூடிச் சாய்ந்தாள்.

"ரொம்ப சுகமா இருக்குங்க."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்போ போகலாமா?"

"பனி எங்கங்க?"

"பனியா?"

"தினம் காலையில வாசல்ல பனியை வெட்டிப் போடணும்னு சொன்னீங்களே. அதையும் பார்த்துட்டா முடிவா சொல்லிடுவேன்."

எங்கள் வீட்டில் பனி இருப்பது ஒரே இடத்தில். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில். ஃப்ரீசர் கதவே மூடாத அளவுக்குப் பல வருஷத்துப் பனி அங்கே இறுகிக் கிடக்கிறது. அப்பா மரக்கரண்டியும் கையுமாகச் சமையலறையில் நின்றார். விரல் குளிரில் விறைத்தது. முதுகு வேர்வையில் நனைந்தது. அறையிலிருந்து குரல் வந்தது. "அந்தக் கதவைச் சாத்துங்க, என் குளிர் வெளிய போகுது!"

வானிலை நிலையம் லஞ்சம் வாங்கக் கூடாது என்று எவரும் சட்டம் போடவில்லை. இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்த சட்டை ஒன்று தைத்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். அப்பா பாதியில் கரண்டியைக் கீழே வைத்ததும் அறிவித்தேன். "குளிர் அலை மாலைவரை நீடிக்கும். பனி அடித்தட்டுவரை அகற்றப்பட வேண்டும்."

"ஏய் வாலு, உன்னை யாருடி வேலைக்கு வெச்சது?"

"நீங்கதாம்ப்பா."

மாலையில் அப்பா மேனேஜருக்குப் போன் செய்தார். விறைத்த விரலால் எண்ணை அமுக்க வரவில்லை. நான்தான் அமுக்கிக் கொடுத்தேன்.

"சார், நாங்க வரலை சார். இல்ல சார், வீட்டுல அவங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எனக்குத்தான் பருவம் ஒத்துக்கல."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அம்மா போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். உன் கடை உனக்கு. இங்கேயே இருந்துடலாம். போதுமா?"

அம்மாவின் கண் நிஜமாகவே கலங்கியது. அவர் விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். பிறகு மெல்லப் பேசினாள். அந்தக் குரலை மட்டும் என்னால் செய்துகாட்ட முடியாது.

"நீங்க சொன்னது உண்மைதாங்க," என்றாள். "வெயில் ஒண்ணையே வெச்சுக்கிட்டு இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டோம். பருவம்னா இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாம போச்சு."

"அதான் நாலும் பார்த்தாச்சே, முடிஞ்சுபோச்சே," என்றார் அப்பா அவசரமாக.

"முடியறதுக்கு அது என்ன சினிமாவா? பருவம்னா திரும்பத் திரும்ப வரணுங்க."