உடைய மறுத்த நாற்காலி

"அதைத் தொடாதே."

"தொடலைங்க. தாண்டறேன்."

"தாண்டும்போது கால் பட்டு நகர்ந்துட்டா?"

"நகர்ந்தா என்ன, கோவிச்சுக்கிட்டு எழுந்து போயிடுமா?"

தையல் மாஸ்டர் மனைவியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவு நாடா தொங்க வேண்டிய அவர் கழுத்தில் தொட்டில் மாதிரி ஒரு துணி தொங்கியது. அதற்குள் மாவுக்கட்டுப் போட்ட வலது கை. வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. அந்த அறையின் நட்ட நடுவில், புதிதாக வாங்கிய இரும்பு மடக்கு நாற்காலி ஒரு காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

மூன்று வாரத்துக்கு முன் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்க அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தெரியும். பின்கால் ஆணி கழன்று, நாற்காலி தானாக மடங்கி, அவரையும் சேர்த்து மடக்கிவிட்டது. மணிக்கட்டு முறிந்து போனது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். வெட்டித் தைக்க வேண்டிய சீருடைத் துணி மேசைமேல் மலையாகக் கிடக்க, கத்தரி பிடிக்கிற கை தொட்டிலில் தூங்கியது.

ஆஸ்பத்திரிச் செலவையும் கை கூடும்வரை குடும்பச் செலவையும் நாற்காலி செய்த கம்பெனிதான் தர வேண்டும் என்று வழக்குப் போடச் சொன்னவர் வக்கீலம்மா. அவருடைய கறுப்புக் கோட்டும் அந்த மலைக்குள்தான் எங்கேயோ, ஒரு கை மட்டும் தைத்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தது.

"விழுந்தது விழுந்தபடி கிடக்கணும் மாஸ்டர்," என்று போனில் சொல்லியிருந்தார். "நம்ம சாட்சியே அந்த நாற்காலிதான். நம்ம நோட்டீசுக்குக் கம்பெனிக்காரங்க என்ன பதில் குடுத்திருக்காங்க தெரியுமா? நீங்க அதுமேல ஏறி நின்னு கூத்தடிச்சீங்களாம்."

"நான் எதுக்கும்மா ஏறி நிக்கணும்? ஓரமா உட்கார்ந்து காஜா எடுத்தேன்."

"எனக்குத் தெரியுது. ஆனா எங்க நாற்காலி உடையற நாற்காலிதான்னு கம்பெனி தன் வாயால சொல்லவா போகுது? நாமதான் காட்டணும்."

அதனால் மாஸ்டர் காவல் இருந்தார். காவல் தேவைப்பட்டது வெளியாளிடமிருந்து அல்ல. அவர் மனைவி பிறந்த வீட்டில் உடைந்த பொருள் என்று எதுவும் ஒரு நாள்கூட உடைந்தபடி இருந்ததில்லை. கைப்பிடி இல்லாத கரண்டி கைப்பிடியோடு திரும்பி வரும். ஓட்டை வாளியைப் பார்த்தால் அவள் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது. அவர் வெல்டர் வேறு.

மனுவில் கையெழுத்துப் போட மாஸ்டர் வக்கீலம்மாவின் அறைக்குப் போனார். இடது கையால் போட்டார். கோழி நடந்த மாதிரி இருந்தது. "பரவாயில்ல, கை உடைஞ்சதுக்கு இதுவே ஒரு அத்தாட்சி," என்றார் வக்கீலம்மா. அந்தத் தெம்போடு வீடு திரும்பினார்.

நாற்காலி நின்றுகொண்டிருந்தது. நாலு காலில். பச்சைப் பெயின்ட் பளபளக்க.

"வாங்க மாப்பிள்ளை," என்றார் வெல்டர் மச்சான், கையைத் துடைத்துக்கொண்டே. "கை எப்படி இருக்கு?"

"மச்சான், இது..."

"உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்க இல்ல. சும்மா எப்படி உட்கார்ந்திருக்கறது? வண்டியில மிஷின் இருந்துச்சு. அந்த ஆணியெல்லாம் வெறும் தகரம் மாப்பிள்ளை. புடுங்கிப் போட்டுட்டு நல்ல போல்ட் ஏத்தி, தட்டு வெச்சு, ஒட்டு வெச்சுட்டேன். இனிமே நீங்க மடக்கினாத்தான் மடங்கும். அரம் போட்டு ராவி, பெயின்ட்டும் அடிச்சாச்சு. எங்க கை வெச்சேன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

மாஸ்டர் கண்டுபிடிக்க முயன்றார். முடியவில்லை. அதுதான் கவலையாக இருந்தது.

"அது உடைஞ்சு கிடந்தாத்தான் மச்சான் எனக்குக் கேஸு."

மச்சானின் முகம் தொங்கிப் போனது. தங்கையைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள்.

"நான் சொன்னேங்க," என்றாள். "தொடாதீங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"தொடாம எப்படி ஒட்டறதுன்னு கேட்டார். எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு."

அன்று சாயங்காலம் முழுக்க மாஸ்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து எழுந்தார். பின்னால் சாய்ந்து பார்த்தார். இடுப்பை அப்படியும் இப்படியும் ஆட்டினார். நாற்காலி முனகக்கூட இல்லை.

"என்னங்க இது, இந்த வயசுல?" என்றாள் மனைவி.

"உடையுதான்னு பார்க்கறேன்."

"உடைஞ்சா?"

அதை மாஸ்டர் யோசிக்கவில்லை. மெதுவாக எழுந்துகொண்டார்.

"வேணும்னா ரம்பம் வெச்சு அறுத்துக் குடுத்துடறேன் மாப்பிள்ளை," என்று மச்சான் கெஞ்சாத குறையாகச் சொன்னார். வக்கீலம்மா போனிலேயே அதட்டினார்.

"அறுக்கறதா? அது பித்தலாட்டம். யாரும் அதைத் தொடக் கூடாது. யாராவது கேட்டா நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க. ஒண்ணு செய்யுங்க. அதே கடையில அதே மாதிரி நாற்காலி புதுசா ஒண்ணு வாங்கி வைங்க. எல்லாம் ஒரே அச்சுதானே? அது எப்படிப்பட்டதுன்னு அதுவே காட்டும்."

மனைவி கடைக்குப் போனாள். மத்தியானம் போனவள், தெருவிளக்கு எரியும்போதுதான் நாற்காலியும் கையுமாக வந்தாள்.

"கடைக்குப் போய்ட்டு வர இவ்வளவு நேரமா?"

"வர்ற வழியில எங்க அண்ணன் பட்டறையில இறங்கினேன்."

மாஸ்டர் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். "அங்க எதுக்கு?"

"எதுக்கா? ஒரு நாற்காலி ஒரு கையை வாங்கிடுச்சு. இன்னொண்ணை அப்படியே வீட்டுக்குள்ள விடச் சொல்றீங்களா? உங்களுக்கு மிச்சம் இருக்கறதே ஒரு கை."

இப்படிச் சொல்கிறவளை எப்படித் திட்டுவது?

"கடையில வேற இருக்கா?"

"இதுதான் கடைசின்னு கடைக்காரர் சொன்னார். நல்லவேளைன்னு சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன்."

இரண்டாவதும் பட்டறைக்குப் போய் வந்ததை வக்கீலம்மாவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தபோதே ஆய்வு நாள் வந்துவிட்டது. கோர்ட்டு அனுப்பிய அதிகாரி ஒல்லியாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு வந்தார். பின்னாலேயே கம்பெனி எஞ்சினியர், நல்ல வாட்டசாட்டம். முழங்கை வெளுத்த பழைய கோட்டில் வக்கீலம்மா. மச்சான் கூப்பிடாமலேயே வந்து வாசற்படியில் நின்றார்.

"உட்காருங்க சார்," என்று மனைவி எஞ்சினியருக்குப் பச்சை நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எஞ்சினியர் நாற்காலியைப் பார்த்தார். "இல்லம்மா, நிக்கறேன். நின்னாத்தான் எனக்கு வசதி."

இரண்டு நாற்காலிகளையும் கவிழ்த்து, இருக்கைக்கு அடியில் இரும்பிலேயே அழுத்தியிருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தார். "முத்திரை எங்களுதுதான்," என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"சரி, சோதிச்சுப் பாருங்க."

"நானா?"

"நீங்கதானே எஞ்சினியர்?"

எஞ்சினியர் வெந்நீரில் இறங்குகிற மாதிரி நாற்காலியில் இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். லேசாக ஆடினார். பலமாக ஆடினார். ஷூவைக் கழற்றிவிட்டு மேலே ஏறி நின்றார். நாற்காலி பாறை மாதிரி நின்றது.

"இன்னும் கொஞ்சம் வேகமா குதிங்க சார்," என்றார் மச்சான், பெருமை தாங்காமல். வக்கீலம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

எஞ்சினியர் குதித்தார். அடுத்த நாற்காலிக்குத் தாவி அங்கேயும் குதித்தார். மேசைமேல் ஊசி டப்பா குலுங்கியது. நாற்காலி குலுங்கவில்லை. ஒவ்வொரு குதிப்புக்கும் மாஸ்டருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு கண்முன் வந்து போனது. ஆனால் சந்தோஷப்பட வேண்டிய எஞ்சினியரின் முகம்தான் கறுத்துக்கொண்டே போயிற்று.

"நல்ல உறுதியாத்தான் இருக்கு," என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மாஸ்டருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கேஸ் போனால் போகட்டும், பொய்யாக ஒன்று எழுதப்பட வேண்டாம்.

"ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்த நாற்காலி..."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்," என்று எஞ்சினியர் மூச்சிரைக்கக் கீழே இறங்கினார். "திருட்டுத்தனத்தை நானே சொல்றேன். ஐயா, நல்லா எழுதிக்குங்க. வேற எவனோ செஞ்ச நாற்காலியில எங்க முத்திரையைக் குத்தி வெச்சிருக்காங்க. பத்து வருஷமா இதை நான்தான் செய்யறேன், எனக்குத் தெரியாதா? எங்க நாற்காலியா இருந்தா, நான் உட்கார்ந்த உடனே உடைஞ்சிருக்கணும்."