நாற்பத்து மூன்று குறைகளும் ஒரு மெட்ராஸ் டிக்கெட்டும்

மர்பி டவுன், பெங்களூர்
10 ஆகஸ்ட் 1999

அன்புள்ள தம்பி நோயலுக்கு,

அக்கா பியாட்ரிஸ் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் சர்க்கரையும் உன் வீட்டுக்காரியின் கோபமும் கட்டுக்குள் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

கடைசியில் நீ சொன்னபடியே ஆயிற்று. என் மகன் டேரில் மெட்ராஸுக்கு, உன் கம்பெனி வேலைக்கு வருகிறான். சனிக்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. இருபத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் வேண்டாமா என்று மூன்று வருஷமாக நீ கேட்டாய். சொந்தத் தொழில் செய்கிறான் என்று மூன்று வருஷமாக நானும் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னேன். இனி அந்தச் சிரமம் இல்லை. நடந்ததை வேறு யார் மூலமாகவோ நீ கேட்பதைவிட என் கையெழுத்தில் படிப்பது மேல்.

அவன் தொழில் என்னவென்று ஒருமுறையாவது ஒழுங்காகத் தெரிந்துகொள். கம்ப்யூட்டரில் விண்டோஸ், மாக் என்று இரண்டு வகை. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் மற்றதில் ஓடாது. டேரில் புரோகிராம் எழுத ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் டூலை வாங்கினான். ஒரு தடவை எழுதினால் இரண்டிலும் ஓடும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஓடியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒன்றில் ஓடியதுபோல் மற்றதில் ஓடவில்லை, அவ்வளவுதான். அங்கே நேராக நிற்கும் எழுத்து இங்கே கட்டத்துக்கு வெளியே தலையை நீட்டும். இதைச் சரிசெய்தால் அது கெடும். "மம்மி, இது என் தப்பு இல்ல, டூலோட தப்பு" என்பான். "அப்படீன்னா டூலையே கூப்பிட்டு சாப்பாடு போடவா?" என்பேன்.

வெறுமனே பேசி என்ன ஆகும் என்று நானே உட்கார்ந்தேன். நாங்கள் படித்த கான்வென்ட்டில் தையலில் ஒரு நூல் பிசகினாலும் முழு வரிசையையும் பிரிக்கச் சொல்வார்கள். எனக்குக் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. நோட்டில் இடப்பக்கம் விண்டோஸ், வலப்பக்கம் மாக். ஸ்கேல் வைத்து அளந்து, சிவப்பு மையில் நாற்பத்து மூன்று குறைகள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே, அது நேர்ந்தால் என்ன செய்து தப்பலாம் என்றும் எழுதினேன். அந்தக் கம்பெனிக்கும் நல்ல ஆங்கிலத்தில் நாலு பக்கம் போட்டேன். பதில் ஒரே வரி: இவையெல்லாம் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த குறைகளாம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் "எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாவம்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியுமா, நோயல்?

இங்கே ஆடுகோடி ஏரியாவில் சேஷகிரி என்பவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். டேரிலுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை. அவர் வைத்துக்கொண்டால் தொழில், விட்டால் மெட்ராஸ் என்ற நிலை. கீழே கவுண்டரில் விண்டோஸ், மாடியில் டிசைன் போட மாக், இரண்டிலும் டேரிலின் புரோகிராம். விஜி என்ற பெண் காலையில் கீழே ஆர்டர் எழுதுவாள், மத்தியானம் மாடியில் திருத்தம் போடுவாள். இந்த டூல் கீழே சேவ் பட்டனை இடது பக்கமும் கேன்சலை வலது பக்கமும் வைக்கும். மாடியில் இடம் மாற்றி வைக்கும். அந்தந்த மெஷினுக்குச் செய்கிற மரியாதையாம். விஜியின் கை பழகியது கீழே. மாடியிலும் இடது பக்கமே அழுத்தி, ஒரு வாரத் திருத்தத்தையும் தொலைத்தாள். அக்காவின் பழைய பத்திரிகையை வைத்துத் தங்கைக்கு அடிக்கச் சொல்லியிருந்த ஒரு வீட்டில், இரண்டு பிள்ளை பெற்ற அக்காவுக்கே அதே கணவனோடு மறுபடியும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நல்ல வேளை, புரூஃபிலேயே பார்த்துவிட்டார்கள்.

"நோடப்பா, இங்க பாரு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு மானுவல் கொடு. விஜி அதைப் பார்த்துப் பார்த்துச் செய்யணும். இல்லன்னா உன் புரோகிராமே வேணாம்" என்றார் சேஷகிரி. டேரில் ராப்பகலாக அறுபது பக்கம் அடித்தான். படித்துப் பார்த்தேன், அதில் ஒரு குறைகூட இல்லை. அதாவது, ஒன்றையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காய்ச்சலில் படுத்துக்கொண்டு, "மம்மி, இந்தக் கவரை ஆடுகோடில கொடுத்துட்டு வர்றீங்களா?" என்றான். நான் கவரைத் திறந்து, மானுவலை அலமாரியில் வைத்துவிட்டு, என் நோட்டைப் போட்டேன். கைத்தவறுதலாக அல்ல. விற்கிற பொருளின் ஓட்டையை வாங்குகிறவரிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

சேஷகிரி நின்றபடியே புரட்டினார். "என்னம்மா இது, பூரா செவப்பா இருக்கு?"

"குறைகள்."

"எல்லாமேவா?"

"எனக்குத் தெரிந்த வரைக்கும்."

டிராயரில் போட்டு மூடிவிட்டார். டேரிலிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். "மாமாவுக்கு எழுதிடுங்க, நான் வரேன்னு" என்றான். மேஜையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர் மேலும் துணியைப் போட்டு மூடினான். எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு வைக்கலாம், ஒருத்திக்கு எவ்வளவு இடம் வேணும். அவனுக்கு ரெண்டாவது தடவை சாதம் கேட்காமலே போடச் சொல்லு. கேட்க மாட்டான்.

பயோடேட்டா இத்துடன் இருக்கிறது. பிழை கிடையாது, நானே பார்த்தேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர். ஆரோக்கிய மாதா உங்கள் வீட்டையும், முடிந்தால் என் பிள்ளையின் நல்ல புத்தியையும் காப்பாற்றட்டும்.

அன்பு அக்கா,
பியாட்ரிஸ்

பி.கு.: பயோடேட்டாவைத் தேடாதே, எடுத்துவிட்டேன். கவரை ஒட்டப் போகும் நேரம் சேஷகிரி என் நோட்டோடு வாசலில் வந்து நின்றார். விஜி டிராயரிலிருந்து அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமையிலிருந்து வேலை செய்கிறாளாம். ஒரு திருத்தமும் போகவில்லையாம். "கம்ப்யூட்டர் விக்க எத்தனையோ பேர் வந்தாங்கம்மா. எல்லாம் சரியா இருக்குன்னாங்க. எது கெடும்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார். நோட்டை நல்ல தாளில் அச்சடித்து, டேரிலின் புரோகிராமோடு மற்ற பிரஸ்காரர்களுக்கும் கொடுக்கப் போகிறாராம். உன் வேலைக்கு வேறு பிள்ளையைப் பார். டேரில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். போகும்போது, ஒன்பதாவது குறையைச் சரிசெய்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான். அச்சு முடியும்வரை எதையும் சரிசெய்யக் கூடாது என்று கண்டித்து அனுப்பியிருக்கிறேன்.