டர்போ அண்ணாச்சியும் எட்டு சிலிண்டர் காரும்

எழுபதுகளின் கடைசியில் அபுதாபிக்கு மேற்கே ருவைஸ் பாலைவனத்தில் சுத்திகரிப்பு ஆலை கட்டப் போனவர்கள் எல்லாரும் சொந்தக் கவலையில் மெலிந்துகொண்டிருந்தபோது, தன் காருக்கு மூச்சு முட்டுகிறதே என்று மெலிந்த ஒரே மனிதர் எங்கள் டர்போ அண்ணாச்சிதான்.

சாத்தான்குளத்துக்காரர். சைட்டில் பைப் ஃபோர்மேன். டைம் ஆபீஸ் டைப்பிஸ்ட்டான நானும், பெஷாவர் டிரைவர் கான் பாயும் அவருடைய ரூம்மேட்கள். ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க எஞ்சினீயரிடமிருந்து சிவப்புக் கார் ஒன்றை வாங்கியிருந்தார் அண்ணாச்சி. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. பானெட் எவ்வளவு நீளம் என்றால், வண்டியின் மூக்கு மெஸ் வாசலுக்கு வந்து சற்று நேரம் கழித்துத்தான் அண்ணாச்சி வந்து சேருவார். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டாலே கேம்ப்பின் தகரமெல்லாம் அதிரும். எங்களுக்கு அது போதும். அவருக்குப் போதவில்லை.

ஒருநாள், செத்துப்போன டீசல் ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய டர்போவைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இரும்பில் செய்த பெரிய நத்தை மாதிரி இருந்தது.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

“ஏலே, நீ நடக்கும்போது மூக்கால மூச்சு விடுதே. ஓடும்போது?”

“வாயையும் திறப்பேன்.”

“அதான் விஷயம். வண்டிக்கு வாய் வைக்கப் போறேன்.”

அன்று முதல் நத்தைக்குக் கட்டில், அண்ணாச்சிக்குத் தரை. கீழே வைத்தால் மண் ஏறிவிடுமாம்.

பிறகு திட்டம் போடும் படலம் ஆரம்பமானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் தொலைந்தான். அப்பளம்தான் டர்போ. சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காய்கள் பைப். தயிர்க் கிண்ணம் எஞ்சின். “புகை இப்படிப் போயி, இங்க திரும்பி, விசிறியைச் சுத்தும்” என்று கண்ணை மூடிச் சொல்லிவிட்டுத் திறந்தால், பாதி எஞ்சினைக் காணோம்.

“எவம்லே என் சைலன்சரைத் தின்னது?”

கான் பாய் வாயிலிருந்த முருங்கைக்காயைப் பத்திரமாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. டர்போ அமுக்கி அனுப்பும் காற்று சூடாகிவிடுமாம், எஞ்சினுக்குள் போகுமுன் குளிர வைக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே அண்ணாச்சியின் பார்வை மெல்ல மேலே போனது. ரூம் ஏசியில் போய் நின்றது. அப்போது ஆகஸ்ட் மாதம். கான் பாய் தன் கட்டிலை இழுத்து ஏசிக்குக் கீழே போட்டு, மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்தார்.

“அண்ணாச்சி பாய், ஏசி மாஃபி! கலாஸ்!” கேம்ப் அரபியில், ஏசி கிடையாது, பேச்சு முடிந்தது.

“ஒரு வெள்ளிக்கிழமைக்குத்தானே கேக்கேன்?”

“மாஃபி!”

கடைசியில் பைப்பைச் சுற்றி ஐஸ் நிரப்பிய சாக்கைக் கட்டுவதென்று சமாதானம் ஆயிற்று. மாட்டிப் பார்த்தால் பானெட் மூடவில்லை. அண்ணாச்சி அசரவே இல்லை. பானெட்டில் ஓர் ஓட்டை வெட்டினார், மேலே ஒரு மூடி போட்டார். அது மெஸ்ஸின் சாம்பார்க் குண்டான் என்பது அன்று மத்தியானம் சமையல்காரர் கரண்டியோடு கேம்ப் முழுக்க ஓடியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் ஓட்டத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார். கும்பகோணத்தில் திங்கட்கிழமை எனக்குக் கல்யாணம். அதற்காக நான் லீவில் கிளம்புவதும் அதே வெள்ளிதான். சாயங்காலம் அபுதாபியில் ப்ளேன்.

காலையில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றி, கேம்ப்பே கூடி நின்றது. சாவியைப் போடப் போகிற சமயத்தில் கான் பாய் மூச்சிரைக்க ஓடி வந்தார். என்னை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய கம்பெனி பஸ்ஸின் கியர் பாக்ஸ் உடைந்துவிட்டது, வேறு வண்டி கிடையாது. இந்த ப்ளேனை விட்டால் மாப்பிள்ளை இல்லாமல்தான் கல்யாணம்.

கூட்டத்துக்கு மட்டும் ஒரே குஷி. “அண்ணாச்சி, டர்போவிலேயே கொண்டு போங்க! ஒரு மணி நேரத்துல அபுதாபி! யல்லா, கிளம்புங்க!”

அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி வேலி மேல் போட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

“என்ன அண்ணாச்சி பண்றீங்க?”

“கழட்டுதேன்.”

“பறக்கும்னு சொன்னீங்களே?”

“பறக்கும்லே. எங்க போய் இறங்கும்னு தெரியாதுல்லா.”

இத்தனை மாதத் திட்டத்தையும் மத்தியானத்துக்குள் பிரித்துப் போட்டார். பழைய பைப்பை மாட்டி, பானெட் ஓட்டையைத் தன் துண்டால் கட்டி, என்னை முன் சீட்டில் ஏற்றினார். அதற்கப்புறம் ஓட்டினாரே ஓர் ஓட்டு! தண்ணி டேங்கர் எங்களை முந்திப் போனது. சிமெண்ட் லாரி முந்தியது. அதன் மேலே உட்கார்ந்திருந்தவன் எங்களுக்கு டாட்டா காட்டினான்.

“அண்ணாச்சி, கொஞ்சம் மிதிங்க. எட்டு சிலிண்டர் இருக்கு!”

“மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போறேன். பேசாம வா.”

ஏர்போர்ட்டில் கவுண்டரை மூடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அண்ணாச்சி முகமெல்லாம் மணல். பெட்டியைக் கையில் கொடுத்தவர் நகரவில்லை.

“நீங்க கிளம்புங்க அண்ணாச்சி.”

“நீ உள்ள போ. ப்ளேன்காரனுக்கும் கியர் பாக்ஸ் உடைஞ்சா?”

டர்போ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கல்யாணம் முடிந்து திரும்பியபோது அது மறுபடி கட்டிலில் படுத்திருந்தது. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து, பூசணிக்காய்த் துண்டுகளை வைத்து வேறு திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை அதை மறுபடி வண்டியில் மாட்டவே இல்லை.

எனக்கு இன்றும் நினைவிருப்பது ப்ளேன் கிளம்பியபோது ஜன்னல் வழியே தெரிந்ததுதான். வேலிக்கு வெளியே அந்தச் சிவப்புக் கார். பக்கத்தில் பனியனோடு ஓர் ஆள், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு. ஜன்னலுக்குள் இருக்கும் நான் அவருக்குத் தெரிய மாட்டேன் என்று எனக்குத் தெரியும். இருந்தும், கண்ணுக்கு மறையும்வரை நானும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.